இடது பின் சக்கரம்

மார்ச் 3, திங்கள்

பெரியவளுக்கு வேலை வந்துவிட்டது. பத்தரை மணிக்குத் தபால்காரர் வந்தார், நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அரசாங்கக் கால்நடை மருத்துவர். மாட்டு டாக்டர்தான். டாக்டர் என்றால் டாக்டர்தான்.

என் பேத்திகள் வாங்கியதை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன், நாளைக்கு மறதி வந்தால் பார்த்துக்கொள்ளலாம். பெரியவள்: மூன்றாம் வகுப்பில் கையெழுத்துக்கு முதல் பரிசு. ஐந்தில் கணக்கு. பத்தில் பள்ளிக்கே முதல். பன்னிரண்டில் இரண்டாவது. ஒரே ஒரு மார்க்கில் போனது, பேப்பர் திருத்தியவர் கண்ணாடி மாற்ற வேண்டிய ஆள். கல்லூரியில் அறுவைச் சிகிச்சைப் பாடத்துக்குத் தங்க மெடல். கழுத்தில் போட்டுப் பார்த்தேன், தகரம் மாதிரிதான் இருக்கிறது, ஆனாலும் தங்கம் என்றுதான் எழுதியிருக்கிறது. சின்னவள்: நீளம் தாண்டுவதில் நாலு மீட்டர் எண்பத்தொன்று, அவள் பள்ளியில் இன்னும் அதை யாரும் தாண்டவில்லை. கட்டுரைப் போட்டியில் மூன்று வருஷம் தொடர்ந்து பரிசு. அப்புறம் ஆறாம் வகுப்பில் வாங்கிய பெரிய கப்பு, கூடத்து அலமாரியில் மேல் தட்டில் இருக்கிறது.

கப்பைப் பற்றி இன்றைக்கு வேண்டாம்.

நான் ஐந்தாவது வரைதான். அதற்குமேல் என்னை யாரும் அனுப்பவில்லை. இப்போது என் வீட்டில் ஒரு டாக்டர்.

எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "மாட்டு டாக்டரா? எங்க நாய்க்கு ஒரு ஊசி போடச் சொல்லுங்களேன்" என்றாள்.

"உன் நாயை வரிசைல நிக்கச் சொல்லு" என்றேன்.

சாயங்காலம் எல்லோரும் உட்கார்ந்து உத்தரவைத் திரும்பப் படித்தோம். ஆஸ்பத்திரி ஒரு இடத்தில், மாடுகள் பதினெட்டு இடத்தில். பஸ் போகாத ஊர்கள். ஏப்ரல் ஒன்றாம் தேதி சேர வேண்டும். பெரியவள் சொன்னாள், "ஷெட்ல அப்பா வண்டி சும்மாதானே நிக்குது. அதை எடுத்துட்டுப் போறேன்."

மருமகள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அந்தக் காரைத்தான் என் மகன் வாடகைக்கு ஓட்டினான். அந்த வண்டிதான் அவன் மேல் இறங்கியது. நாலு வருஷமும் ஐந்து மாதமும் ஆகிறது.

மார்ச் 4, செவ்வாய்

மூன்று மணிக்கு மறுபடியும் கேட்டது.

மார்ச் 5, புதன்

எழுதிவிட்டால் நிற்குமா பார்க்கிறேன்.

மத்தியானம் மூன்று மணிக்கு வீட்டில் நான் மட்டும்தான். மருமகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ், அவள் முறை முடிய நாலாகும். சின்னவள் பள்ளிக்கூடத்தில், பெரியவள் லைப்ரரியில். அப்போதுதான் ஷெட்டுப் பக்கமிருந்து வரும். தொம். தொம். தொம். செருப்புக்காலால் டயரை உதைக்கிற சத்தம். மூன்று தடவை. பிறகு ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாததுதான் என்னால் தாங்க முடியவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். எதற்கு நிற்கிறேன்? அடுத்தது என்ன வரும் என்று எனக்குத் தெரியாதா?

அன்றைக்கு அவன் வண்டியில் சவாரி வந்த பெரியவர் வீட்டுக்கு வந்து எல்லாம் சொன்னார். மத்தியானம் மூன்று மணி, இடது பின் சக்கரம் பஞ்சர். ஜாக்கி வைத்துத் தூக்கினான். நட்டு ஐந்தும் கழன்றுவிட்டது, சக்கரம் மட்டும் வரவில்லை. உள்ளே துருப்பிடித்து அச்சோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்று முறை உதைத்தான். சிரித்தானாம். "எங்கம்மா பிடிவாதம் சார் இதுக்கு" என்றானாம். அப்புறம் உள்பக்கத்திலிருந்து தட்டினால் வரும் என்று வண்டிக்கு அடியில் படுத்தான். ஜாக்கி சரிந்தது.

அவர் நல்ல மனிதர். அந்த வார்த்தையைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். அவருக்கு என்ன தெரியும்.

மார்ச் 9, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை மருமகள் வண்டியைக் கிளப்புவாள். அன்றைக்கு நட்டை மறுபடி முறுக்கி, பஞ்சரை அப்படியே ஒட்டிக் கொண்டு வந்து விட்ட வண்டி. இத்தனை வருஷமாக ஒரு வாரம்கூடத் தவறவில்லை. பேட்டரி செத்துப்போகாமல் இருக்க என்று சொல்லிக்கொள்வாள். ஷெட்டிலிருந்து கேட்டு வரைக்கும் பத்தடி முன்னால், பத்தடி பின்னால். அப்புறம் இஞ்சினை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உள்ளேயே உட்கார்ந்திருப்பாள். நாங்கள் யாரும் அந்தப் பக்கம் போக மாட்டோம்.

இன்று இறங்கி வந்து சாவியைப் பெரியவள் கையில் கொடுத்தாள். "ஜாக்கிரதை" என்ற ஒரு வார்த்தை மட்டும் சொன்னாள்.

பெரியவள் சும்மா இருப்பாளா. பிரேக் எப்படி இருக்கிறது பார்க்கணும் என்று அப்பனுடைய ஸ்பேனரை எடுத்து முன் சக்கரத்து நட்டைக் கழற்றினாள். நட்டு வந்தது. சக்கரம் வரவில்லை. அடுத்தது. அதுவும் வரவில்லை. நாலும் அப்படித்தான். நான் பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இடுப்பில் கை வைத்து, ஒரு காலைத் தூக்கி உதைத்தாள்.

தொம்.

நான் கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. பெரியவள் ஓடிவந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். "பாட்டி, நான்தான் பாட்டி, நான்தான்."

அவள்தான். தெரியும்.

மார்ச் 10, திங்கள்

டயர் கடைக்காரரைக் கூட்டி வந்தாள். சம்மட்டியால் டயரை அடித்தார், சக்கரத்தின் விளிம்பை அடித்தார். விளிம்பு ஓரிடத்தில் நெளிந்ததுதான் மிச்சம். ஜாக்கி மட்டும் வைத்துக்கொண்டு காலை அடியில் நீட்டினார். "காலை எடுய்யா!" என்று நான் போட்ட சத்தத்தில் மனிதர் தள்ளிப் போய் விழுந்தார்.

"இது வராதுங்க பெரியம்மா. வெட்டித்தான் எடுக்கணும். இல்லைன்னா இரும்புக்குப் போட்டுருங்க."

"உன்னை இரும்புக்குப் போட்டா என்ன தருவாங்க?" என்றேன். கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் 11, செவ்வாய்

பெரியவள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். "சக்கரம் கழலணும்னு என்ன கட்டாயம் பாட்டி? சுத்துது இல்ல? காத்து அடிச்சுட்டு ஓட்டிட்டுப் போறேன். வர்றப்ப பார்த்துக்கலாம்."

சுத்துகிறது. அவள் அப்பனுக்கும் சுத்திக்கொண்டுதான் இருந்தது.

பதினெட்டு ஊர். ஆள் நடமாட்டம் இல்லாத ரோடு. ஆணி எங்கே கிடக்கும் என்று யாருக்குத் தெரியும்? பஞ்சர் ஆனால் இவள் கைகட்டிக்கொண்டு நிற்கிற பிறவியா? அப்பன் மாதிரிதான் படுப்பாள். இன்னும் மூன்றே வாரம்.

அந்தச் சக்கரத்தைக் கழற்றத் தெரிந்தவன் இந்தத் தெருவிலேயே இருக்கிறான். தெருக்கோடி மெக்கானிக். உயரமானவன், என் மகன் பள்ளிக்கூட நாளிலேயே அவனுக்கு நெட்டை என்று பேர் வைத்தான், ஊரே அப்படிக் கூப்பிடுகிறது. என் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன். சின்னவள் மெதுவாக, "நெட்டை மாமாவைக் கேட்டா என்னம்மா?" என்றாள்.

மருமகள் திரும்பிப் பார்த்தாள். "அந்த ஆள் இந்தக் கேட்டைத் தாண்டி வந்தா, நான் வெளிய போயிடுவேன்."

மார்ச் 13, வியாழன்

எழுதித்தான் ஆக வேண்டும். இந்த நோட்டை யாரும் எடுப்பதில்லை. எடுத்தாலும் என் கையெழுத்தை என்னைத் தவிர யாராலும் படிக்க முடியாது.

என் மகன் போவதற்கு எட்டு நாள் முன்பு வண்டி நெட்டையின் ஷெட்டில் இருந்தது, ஆயில் மாற்ற. திங்கட்கிழமை மத்தியானம் அவனே ஓட்டிக்கொண்டு வந்து விட்டான். என் மகன் வெளியூர்ச் சவாரி முடித்து வந்து அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். கேட்டருகில் நான்தான் சாவியை வாங்கினேன்.

"அம்மா, சக்கரம் நாலும் ஒட்டிக்கிட்டு நிக்குது. நானும் அசைச்சுப் பார்த்தேன், வரல. வழியில பஞ்சர் ஆச்சுன்னா ரொம்பச் சிரமப்படுவான். வெள்ளிக்கிழமை வண்டியை என்கிட்ட விடச் சொல்லுங்க. ஒரு நாள் போதும், கழட்டி, துருவைச் சுரண்டி, கிரீஸ் தடவித் தந்துடறேன்."

"எழுந்ததும் சொல்றேன்" என்றேன்.

வெள்ளிக்கிழமை சின்னவளுக்குப் பள்ளி ஆண்டு விழா. கப்பு கொடுக்கிற நாள். வண்டி நம்முடையது, கழுவினால் கண்ணாடி மாதிரி இருக்கும். எதிர்வீட்டுக்காரி குடும்பத்தோடு வருகிறாள். அத்தனை பேர் நடுவில் வண்டியில் போய் இறங்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

மகனிடம் சொல்லவில்லை. மறக்கவில்லை, சொல்லவில்லை. வியாழக்கிழமை நெட்டை அந்தப் பக்கம் போகிறபோது, "சொன்னீங்களாம்மா?" என்று கேட்டான். "சொன்னேன்பா, அடுத்த வாரம் கொண்டு வர்றானாம்" என்றேன். பொய். வாய் கூசாமல் வந்தது.

வெள்ளிக்கிழமை வண்டியில் போய் இறங்கினோம். எல்லோரும் பார்த்தார்கள்.

செவ்வாய்க்கிழமை அவன் போய்விட்டான்.

பள்ளிக்கூடம் எங்கள் வீட்டிலிருந்து ரெண்டு தெரு.

மார்ச் 14, வெள்ளி

என் மகனை வீட்டில் கிடத்தியிருந்தபோது நெட்டை வந்தான். மருமகள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "வண்டி உங்க கையிலதானே இருந்துச்சு! சக்கரத்தைப் பார்த்திருக்க வேண்டாமா? பார்த்துச் சொல்லியிருக்க வேண்டாமா?" ஊரே கேட்டது.

அவன் வாயைத் திறக்கவில்லை. ஒரே ஒரு முறை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அதோடு தலையைக் குனிந்தவன்தான். என்னைக் கண்டால் தெருவின் மறு ஓரத்துக்குப் போய்விடுகிறான். அவன் ஷெட்டில் முன்பெல்லாம் வண்டி நிற்க இடம் இருக்காது. இப்போது ஒன்றோ ரெண்டோ. சிநேகிதன் வண்டியையே சரியாகப் பார்க்காதவன் என்று பேராகிவிட்டது.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பான். எனக்காகச் சொல்லவில்லையா, என் மகனுக்காகச் சொல்லவில்லையா, தெரியவில்லை.

மார்ச் 15, சனி

இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

பெரியவள் சின்னவளைக் கூட்டிக்கொண்டு காற்று அடிக்கும் பம்ப் வாங்கப் போயிருந்தாள். மருமகள் வண்டியைக் கிளப்பி நிறுத்திவிட்டு, உள்ளே வந்து வேலைக்குப் போகிற வெள்ளைச் சேலையை மடித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். "ஏன் கீழ உக்கார்றீங்க, முட்டி வலிக்கும்" என்றாள். அவள் அப்படித்தான், கோபத்திலும் முட்டியைக் கேட்பாள்.

"நெட்டை பார்த்தான். பார்த்துச் சொன்னான். என்கிட்ட சொன்னான்" என்று ஆரம்பித்தேன். நடுவில் நிறுத்தினால் அப்புறம் வராது என்று ஒரே மூச்சில் சொன்னேன். வியாழக்கிழமை சொன்ன பொய் வரை. கப்பு வரை.

அவள் சேலையை மடிப்பதை நிறுத்தவில்லை. மடித்து முடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"ரெண்டு தெரு" என்றாள். "ரெண்டே தெரு, அத்தை."

"ஆமாம்."

"நாலு வருஷமா அந்த மனுஷனை நான்..." எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். வெறும் தண்ணீர் ஓடியது. நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன், முட்டி வலித்தது, நல்லா வலிக்கட்டும் என்று இருந்தேன்.

அப்புறம் ஒன்று மட்டும் கேட்டேன். "கப்பு விஷயம் சின்னவளுக்குத் தெரிய வேண்டாம்மா."

அவள் குழாயை மூடிவிட்டு உள்ளே போனாள்.

மார்ச் 17, திங்கள்

காலையில் வேலைக்குக் கிளம்பிய மருமகள் பஸ் நிறுத்தத்துக்குப் போகவில்லை. தெருக்கோடிக்கு நடந்தாள். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஷெட் வாசலில் நின்றாள். நெட்டை வண்டிக்கு அடியிலிருந்து எழுந்து வந்தான். என்ன பேசினார்கள் என்று இங்கே கேட்குமா. அவன் ஒரு துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தான். அப்புறம் அவள் புடவை நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

என்னோடு பேசவில்லை. சாப்பாடு எடுத்து வைக்கிறாள், மாத்திரை எடுத்து வைக்கிறாள். பேச்சு மட்டும் இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

நெட்டை வந்தான். கேட்டுக்கு வெளியே நின்று, "வரலாமாம்மா?" என்றான். முன்னாலெல்லாம் கேட்டைக் காலால் தள்ளிக்கொண்டு வருகிறவன்.

சக்கரத்து நடுவிலும் நட்டுகளைச் சுற்றியும் துரு இளக்குகிற எண்ணெயைப் பீய்ச்சினான். "அவசரப்பட்டா உடையும். நாலு நாள் ஊறட்டும். தினம் வந்து ஊத்திட்டுப் போறேன்."

"உன்கிட்ட நான் என்னப்பா சொல்றது?" என்றேன்.

"ஒண்ணும் சொல்லாதீங்க. டீ இருக்கா?"

மார்ச் 20, வியாழன்

அலமாரியில் கப்பைக் காணோம். சின்னவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மருமகள் சொன்னாளா, அவளாகவே எங்காவது ஒட்டுக்கேட்டாளா? ராத்திரி சாப்பாட்டுக்கு வழக்கம்போல என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். ஆனால் சாய்ந்துகொள்ளவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை ஒன்று விடாமல் எழுத வேண்டும்.

ஒன்பது மணிக்கு நெட்டை வந்தான். நட்டுகளை முழுசாகக் கழற்றவில்லை. ஒவ்வொன்றையும் ரெண்டு சுற்று மட்டும் தளர்த்திவிட்டான். சக்கரம் கழன்று ஓடவும் கூடாது, இறுகிப் பிடிக்கவும் கூடாது. வண்டியைத் தூக்கவும் இல்லை, நாலு சக்கரமும் தரையில். "இப்ப வண்டியோட கனமே வேலை செய்யும். ஒரு ஆள் உள்ள உக்காந்து முன்னால பின்னால நகர்த்தணும். மெதுவா. சட்டுனு பிரேக் பிடிக்கணும்."

பெரியவள் கதவைத் திறக்கப் போனாள். மருமகள் அவளைத் தள்ளிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

"முன்னால, தங்கச்சி. போதும். பிடி. பின்னால. பிடி."

இத்தனை வருஷமாக ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை அதே பத்தடிதான் ஓட்டினாள். நட்டு இறுகியிருந்ததால் ஒன்றும் அசையவில்லை. இன்று மூன்றாம் தடவை பிரேக் பிடித்தபோது டக்கென்று ஒரு சத்தம். எலும்பு முறிகிற மாதிரி. "வலது முன்னால விட்டுருச்சு!" என்றான் நெட்டை. பெரியவள் கைதட்டினாள். அப்புறம் இடது முன். அப்புறம் வலது பின். மருமகளுக்கு முகமெல்லாம் வியர்வை. "அண்ணே, இன்னும் போகணுமா?" என்றாள். அண்ணே என்று அவள் வாயில் கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

இடது பின் சக்கரம் மட்டும் விடவில்லை. எனக்குத் தெரியும், விடாது.

பன்னிரண்டு மணிக்கு இஞ்சினை நிறுத்தச் சொன்னான். வண்டியைத் தூக்கினான். ஜாக்கியை நம்பவில்லை. இரும்புத் தாங்கிகள் ரெண்டை அடியில் வைத்தான். மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தான். டிக்கியில் இருந்த மாற்றுச் சக்கரத்தை உருட்டி வந்து வண்டியின் ஓரத்துக்கு அடியில் படுக்கப் போட்டான். பெரியவளைப் பார்த்துச் சொன்னான், "நல்லா பாத்துக்க. தாங்கி ஏமாத்தினாலும் வண்டி இந்தச் சக்கரத்து மேலதான் உக்காரும். உன் மேல இல்ல. இதைப் போடாம வண்டிப் பக்கத்துல குனியவே கூடாது. மாடு உதைக்கும்னு பின்னால நிக்காம இருக்கேல்ல, அதுமாதிரி."

பெரியவள் தலையை ஆட்டினாள்.

உள்பக்கத்திலிருந்து டயர்மேல் ஒரு மரக்கட்டையை வைத்துச் சம்மட்டியால் அடித்தான்.

தொம்.

"அம்மா, நீங்க உள்ள போங்க" என்றான்.

"போகமாட்டேன்."

தொம். சக்கரத்தைக் கொஞ்சம் சுற்றிவிட்டு, எதிர்ப்பக்கம். தொம். மூன்று. நான் மூச்சைப் பிடித்தேன். அப்போது அவன் பேசினான். "டேய், உன் பிடிவாதத்தை எங்கிட்டக் காட்டாத" என்று சக்கரத்தைத்தான் திட்டினான், ஆனால் யாரைத் திட்டுகிற குரல் என்று எல்லோருக்கும் தெரிந்தது. மறுபடி அடித்தான். ஒவ்வொரு அடிக்கும் ஏதாவது சொன்னான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் நாற்காலியை ஒளித்து வைத்தது, பரீட்சை அன்று ரெண்டு பேரும் ஆற்றில் குளித்தது. "பரீட்சை அன்னிக்கு வயித்துவலின்னு சொன்னானே!" என்றேன். "வயிறு நிறைய ஆத்துத் தண்ணிம்மா" என்றான். மருமகள் சிரித்துவிட்டாள். சிரித்த வாயை மூடிக்கொண்டு அழுதாள். சின்னவள் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

எத்தனை அடி என்று எண்ணவில்லை. சக்கரம் ஒரு பக்கமாகச் சரிந்து அவன் மடியில் வந்து விழுந்தது.

மணி ஒன்றரை. இனிமேல் மூன்று மணிக்கு நான் என்ன செய்வேன் என்று ஒரு நினைப்பு வந்தது. மூன்று மணிக்கு எல்லோரும் முற்றத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

மார்ச் 24, திங்கள்

நேற்று ஒன்றை எழுதாமல் விட்டேன். ஒன்று விடாமல் என்று எழுதிவிட்டு விட்டேன்.

எல்லோரும் கை கழுவப் போன பிறகு நெட்டை அந்தச் சக்கரத்தின் உள்பக்கத்தைத் துரு போகக் கம்பி பிரஷால் தேய்த்துக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பழுப்புத் துருவோடு வெள்ளையாக ஒரு பொருக்கு உதிர்ந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். கொஞ்சம் நாக்கில் வைத்தேன்.

"உப்பா இருக்கே" என்றேன்.

அவன் பிரஷை நிறுத்தினான். "போர்த் தண்ணிம்மா. ஓடிச் சூடான சக்கரத்துல உப்புத் தண்ணி பட்டா இப்படித்தான் பிடிச்சுக்கும்."

போர்த் தண்ணீர். எங்கள் வீட்டு ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர், வாயில் வைக்க முடியாது. அதை வாளி வாளியாகப் பிடித்து, சவாரி முடிந்து வண்டி வந்து நின்றதும் ஊற்றிக் கழுவியது யார்? நான். தெருவிலேயே பளபளப்பான வண்டி எங்களுடையது. சக்கரத்துக்கு மட்டும் தனியாக ரெண்டு வாளி. சேறு ஒட்டியிருந்தால் எனக்குப் பிடிக்காது.

"அன்னிக்கே இது உனக்குத் தெரியுமா?"

"சந்தேகம் இருந்துச்சு. வெள்ளிக்கிழமை வண்டி வந்ததும் அவன்கிட்டச் சொல்லலாம்னு இருந்தேன்." கொஞ்ச நேரம் தேய்த்தான். "இது வேற யாருக்கும் தெரிய வேண்டாம்மா. நானும் சொல்லமாட்டேன்."

அவன் சொல்லமாட்டான். அதுதான் பயமாக இருக்கிறது. இன்னொரு நாலு வருஷம் அவன் மேல் ஏற்றி வைக்கவா?

சொல்லாமல் விட்டது ஒரு வாரக் குற்றம். தண்ணீர் ஊற்றியது ஆறு வருஷம். இந்தக் கையால். ஆசை ஆசையாக.

மார்ச் 25, செவ்வாய்

சாப்பாடு இறங்கவில்லை. மருமகள் தட்டைப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

மார்ச் 26, புதன்

இதையும் சொல்லிவிட்டேன்.

மருமகள் வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "சக்கரம் ஒட்டினதும் என்னாலதான்" என்றேன். உப்புப் பொருக்கை ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருந்தேன். காட்டினேன்.

ரொம்ப நேரம் அதைப் பார்த்தாள். என்னை அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"ஞாயித்துக்கிழமை நீங்களா ஊத்துனீங்க?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"ஞாயித்துக்கிழமை நான்தானே கழுவுவேன். நீங்க படியில உக்காந்து, இங்க அழுக்கு, அங்க அழுக்குன்னு கை காட்டுவீங்க. ஹோஸை வச்சுச் சக்கரத்துக்கு அடிச்சது நான்." செருப்பைக் கழற்றினாள். காகிதத்தை மடித்து என் கையில் திருப்பி வைத்தாள். "தண்ணிக்கு என்ன தெரியும் அத்தை. உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இதுக்கு உங்க மேல எனக்குக் கோபம் இல்ல."

செருப்பை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"அந்த வியாழக்கிழமைக்கு இருக்கு. அது எப்பப் போகும்னு தெரியல."

சரி என்றேன். வேறென்ன சொல்வேன். நியாயம்தானே.

மார்ச் 29, சனி

நெட்டை பெரியவளுக்கு எல்லாம் காட்டிக்கொடுத்தான். சக்கரம் உட்காருகிற நடு வளையத்திலும் அதன் முகத்திலும் மட்டும் கிரீஸ். "பவுடர் பூசற மாதிரி, லேசா. அப்பிக்கிட்டுப் போகாத. நட்டு ஏறுற போல்ட்டுல படக்கூடாது, பிரேக் தட்டுல பட்டுச்சுன்னா வண்டி நிக்காது." நட்டைச் சுற்றாக முறுக்கக் கூடாதாம், ஒன்றுவிட்டு ஒன்று, நட்சத்திரம் போடுகிற மாதிரி. நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு முறுக்கு. ஆறு மாதத்துக்கு ஒரு தரம் நாலையும் கழற்றி மாட்ட வேண்டும், பஞ்சர் ஆனாலும் ஆகாவிட்டாலும்.

நாலையும் அவளையே கழற்றி மாட்டச் சொன்னான். மூன்று தடவை.

"மாமா, நான் டாக்டர்" என்றாள்.

"மாட்டுக்குத்தானே? மாட்டுக்குச் சக்கரம் கிடையாது. இன்னொரு தடவை."

புது டயரும் போட்டான். நெளிந்த விளிம்பைத் தட்டி நிமிர்த்தினான். வண்டியைக் குடிக்கிற தண்ணீரில், ஈரத்துணியால் துடைத்தோம். சக்கரத்தை நான் தொடவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

பெரியவள் போய்விட்டாள். கேட்டைத் தாண்டும்போது ஹாரன் அடித்தாள், அப்பன் மாதிரியே ரெண்டு தரம். எதிர்வீட்டுக்காரி, "தனியாவா அனுப்புறீங்க? தைரியம்தான்" என்றாள். எனக்கு நாக்கில் பதில் இருந்தது. சொல்லவில்லை.

ஷெட் காலி. தரையில் நாலு இடத்தில் டயர் நின்ற தடம். மருமகள் துடைப்பத்தோடு போனாள், பெருக்காமல் திரும்பி வந்தாள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

மூன்று மணிக்குக் கேட்டது. வண்டி இல்லாத ஷெட்டிலிருந்து. எழுந்து போய்ப் பார்த்தேன். போகட்டும் என்று அங்கேயே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். "என்னடா" என்றேன். நாலரை வருஷத்தில் இன்றைக்குத்தான் அவனோடு பேசினேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவனிடம்தானே முதலில் சொல்லியிருக்க வேண்டும், அவன் தூங்கி எழுந்ததும்.

மே 11, ஞாயிறு

நெட்டையின் ஷெட்டில் ஐந்து வண்டி நிற்கிறது. எண்ணிவிட்டுத்தான் வந்தேன். மருமகள் ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள், அவன் பேரில் தப்பில்லை என்று. தப்பு யார் பேரில் என்று கேட்டவர்களுக்கு என்ன சொன்னாளோ. எதிர்வீட்டுக்காரி இப்போதெல்லாம் என்னைப் பார்த்தால் பேச்சைக் குறைத்துக்கொள்கிறாள். அப்படியானால் தெரிந்திருக்கிறது. தெரியட்டும்.

ஜூலை 6, ஞாயிறு

பெரியவளுக்குக் கடிதம் எழுதினேன். பிழை இருந்தால் அடித்து எழுத வேண்டும் என்று முதலில் இந்த நோட்டில் எழுதிப் பார்த்தேன். அதையே வைத்துக்கொள்கிறேன்:

கண்ணு, நேத்து நீ போன்ல சொன்னதை உங்கம்மா என்கிட்ட ரெண்டு தரம் சொல்லிட்டா. கன்னு ஈத்த மாட்டைப் பார்க்கப் போற வழியில பஞ்சர், பக்கத்துல ஆள் இல்லை, மழை வேற. மாத்துச் சக்கரத்தைக் கீழே போட்டுட்டுத்தான் குனிஞ்சேன்னு சொன்னியாமே. கழட்டி மாட்ட இருபது நிமிஷம். கன்னும் நல்லபடியா இருக்குதாமே. உங்கம்மா போனை வச்சுட்டு நேரா நெட்டைகிட்ட ஓடினா. அவன் மணியைப் பார்த்துட்டு, பதினஞ்சு நிமிஷத்துல முடிச்சிருக்கணும்னு சொன்னானாம். சொல்லிட்டு ஷெட்டுக்குள்ள போய் ரொம்ப நேரம் வெளிய வரலையாம்.

உன் தங்கச்சி இந்த வருஷம் அஞ்சு மீட்டர் தாண்டிட்டா. பரிசளிப்புக்கு நாங்க மூணு பேரும் நடந்துதான் போனோம். போகும்போது அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டா. நானாப் பிடிக்கலை.

உங்கம்மா பக்கத்துல உக்காந்து கவர்ல விலாசம் எழுதறா. அவளுக்கு என் மேல இருக்கறது இன்னும் இருக்கு. இருந்தாலும் இன்னிக்குக் காலையில எனக்கு எதிர்ல உக்காந்து சாப்பிட்டா.

ஒண்ணு கேக்கறேன். உன் போட்டோ ஒண்ணு புதுசா எடுத்துத் தபால்ல போடு. போன்ல அனுப்பாத, அதைக் கையில வச்சுப் பார்க்க முடியாது. கோட்டெல்லாம் போட்டுக்கிட்டு நிக்க வேண்டாம். சேறும் கிரீஸுமா இருந்தாலும் பரவாயில்லை. வண்டியோட இடது பக்கமா நின்னு எடு. பின் சக்கரம் தெரியணும்.